நிறுத்த ஏலாத குளிசை

ஜமாலியா, திருகோணமலை
04.06.2025

அன்புத் தம்பி நௌபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் சனூஸாவும் பிள்ளைகளும் அக்குறணைக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று மகள் ரிப்கா சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ். இங்கே நானும் மகளும் இருக்கிறோம். இருக்கிறோம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல.

கையில் போன் இருக்க ராத்தா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரி. உன் மச்சானின் உம்மா, என் மாமி, தன் மகன் மௌத்தாகிப் போனதற்கு நான் இருக்கும் இத்தா முடியும் வரை எனக்குத் துணை என்று பெட்டியோடு வந்துவிட்டார். அவருக்குக் காது மந்தம். யார் எடுத்தாலும் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நாம் கதைப்பதை அவர் கேட்கிறாரோ இல்லையோ, முன்வீட்டுக்காரர்கள் நன்றாகக் கேட்கிறார்கள். எழுதித் தந்தால் ரிப்கா வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போடுவாள்.

நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல் இருப்பது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை, தம்பி. உன் மச்சான் பாரிசவாதத்தில் கட்டிலில் கிடந்த இரண்டு வருடமும் நான் எங்கே வாசல் தாண்டினேன்? இப்போது கட்டில் வெறுமையாக இருக்கிறது. அதுதான் ஒரே வித்தியாசம். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நீ போகிற அன்று என் அலுமாரித் தட்டில் இருந்த குளிசை அட்டையை எடுத்துப் பார்த்தாய். முகம் ஒரு மாதிரிப் போனது. எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டாய். நான் மூன்று வருடம் இருக்கும் என்றேன். அட்டையைத் திருப்பி வைத்துவிட்டாய். அது நெஞ்செரிச்சல் குளிசை. சந்தியில் இருக்கும் மருந்துக் கடைக்காரர்தான் தந்தார். அதில் என்ன இருக்கிறது? நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, நிறைய மெலிந்து போனாய்.

துஆவுடன்,
உன் ராத்தா லைலா

---

அக்குறணை
13.06.2025

கண்ணியமான ராத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் எழுத்தைப் பார்த்ததும் பாதி மனப்பாரம் இறங்கியது. மாமிக்கும் ஸலாம் சொல்லுங்கள், சத்தமாக.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அந்தக் குளிசையின் பெயர் ஒமெப்ரசோல். வயிற்றில் அமிலம் சுரப்பதையே அடைத்துவிடும். ஒன்றிரண்டு மாதம் குடிக்கக் கொடுப்பது. நம் ஆட்கள் அதை வெற்றிலை பாக்கு மாதிரி வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். நீண்ட காலம் குடித்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது. எலும்பு தேய்ந்து, விழுந்தால் இடுப்பு உடைகிறது. இரத்தத்தில் சில சத்துகள் குறைந்துபோகின்றன. எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. வந்தது தெரியவரும்போது பாதி போயிருக்கும்.

ராத்தா, நிறுத்துங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதற்கு மேல் என்னால் எழுத ஏலாது. மச்சானையும் இழந்தாகிவிட்டது, உங்களுக்கும் ஒன்று என்றால் நான் தாங்க மாட்டேன்.

இதோடு சேர்த்து வேறு ஏதாவது மருந்து குடிக்கிறீர்களா? எழுதுங்கள். தவணைப் பரீட்சை நடப்பதால் இப்போதைக்கு வர முடியாது.

சனூஸாவும் பிள்ளைகளும் ஸலாம் சொல்கிறார்கள்.

உங்கள் தம்பி,
நௌபர்

---

ஜமாலியா
21.06.2025

தம்பி நௌபருக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்கப் போய், மௌத்துச் செய்தி மாதிரி ஒன்று வாங்கினேன்.

வேறு என்ன விழுங்குகிறேன் என்று கேட்டாய். மாமியின் ஏச்சைத் தவிர வேறொன்றுமில்லை.

நீ சொன்னபடி நிறுத்திப் பார்த்தேன். முதல் நாள் பரவாயில்லை. அடுத்த நாள் பகல் சோறு சாப்பிட்டு எழும்பினேன், நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டினார்கள். தொண்டை வரை புளித்த தண்ணீர் வந்து நின்றது. குனிந்தால் எரிகிறது, படுத்தால் எரிகிறது. கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே அஸர் தொழுகை வரை கழித்தேன். ஸுஜூதில் தரையில் தலையை வைத்தபோது வாய்க்குள் வந்துவிட்டது. அழுதேன். பிறகு போய் ஒரு குளிசையைப் போட்டேன். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

இப்படி ஒன்றை எப்படி விஷம் என்கிறாய்? குடித்தால் நீ சொன்ன பயம் வருகிறது, விட்டால் நெருப்பு வருகிறது. இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிவிட்டு நடுவில் என்னை நிறுத்தியிருக்கிறாய். வீட்டுக்குள் இருப்பது பாரமில்லை என்று எழுதினேன் அல்லவா, இப்போதுதான் அடைபட்ட மாதிரி இருக்கிறது.

பிள்ளைகளின் பரீட்சை நல்லபடி முடியட்டும். நீ சாப்பிடு.

ராத்தா

---

அக்குறணை
02.07.2025

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகத்தை நாடுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்த எரிவு வருத்தம் கூடியதால் வருவதில்லை. இத்தனை நாள் அடைத்து வைத்த அமிலம், அடைப்பை எடுத்ததும் முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கும். சில வாரத்தில் தணியும். அந்தச் சில வாரத்தைத் தாண்ட முடியாமல்தான் எல்லாரும் திரும்ப அதற்குள்ளேயே போய் விழுகிறார்கள். இதுதான் அந்தக் குளிசையின் பொறி.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்துக் குறையுங்கள், பிறகு முழுதாக விடுங்கள். பதிலுக்குக் கருஞ்சீரகமும் நல்ல தேனும் அனுப்பியிருக்கிறேன். மௌத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் அதில் மருந்து இருக்கிறது என்று உம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பா. அரைத்துத் தேனில் குழைத்துக் காலையும் மாலையும் இரண்டு கரண்டி சாப்பிடுங்கள்.

டொக்டரிடம் போவது நல்லதுதான். உங்களுக்கு இத்தா என்பதால் அது முடியட்டும் என்று நானும் நினைக்கிறேன். அதுவரை என்னிடம் கேளுங்கள்.

இதை ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, சின்னவனுக்குச் சளி.

நௌபர்

---

ஜமாலியா
19.07.2025

என் தம்பிக்கு,

ஸலாமும் துஆவும். சின்னவனின் சளி சுகமா? அவனுக்குத் துளசியும் இஞ்சியும் போட்டு அவித்துக் கொடுக்கச் சொல் சனூஸாவிடம்.

விட்டுவிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இழுக்காமல், இரண்டு வாரமாகக் குளிசை ஒன்றுகூடப் போடவில்லை. உனக்காகத்தான். ரிப்காவுக்கு அடுத்து எனக்கு மிஞ்சியிருப்பது நீதானே, நீ கெஞ்சி எழுதினால் நான் எப்படி மறுப்பேன்? எரிவு இருக்கிறது. கருஞ்சீரகத்தை மட்டும் ஒரு வேளையும் விடவில்லை. மாமி பார்த்துவிட்டு, இதையும் சோறு மாதிரித் தின்கிறாள் என்று ஏசுகிறார்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உள்ளே போவதும் கறுப்பு, வெளியே போவதும் கறுப்பு. தார் மாதிரி. நாற்றம் சொல்லி முடியாது. உன் மருந்து உள்ளே இருக்கும் அழுக்கையெல்லாம் கழுவுகிறது போல.

கொஞ்சம் களைப்புத்தான். படியேறினால் மூச்சு வாங்குகிறது. மேல் அறை யன்னலால் உள்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சீமெந்துக் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது, இறக்க இடம் கிடைக்கவில்லையாம். அதுவும் எத்தனை நாளாக அந்த இடத்திலேயே நிற்கிறது. இப்போது மேலே ஏறுவதையும் விட்டுவிட்டேன்.

பள்ளிவாசல் மௌலவி திரைக்கு வெளியே இருந்து சுகம் விசாரித்தார். ரிப்கா என்ன சொல்லி வைத்தாளோ, வருத்தம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இத்தா அதற்குத் தடை இல்லை என்று தெளிவாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். உன் மச்சானுக்காக நான் செய்ய மிச்சமிருக்கும் ஒரே காரியம் இது. முறிக்காமல் முடித்துக் கொடுக்க வேண்டும் போல இருக்கிறது. அதற்கும் குறை சொல்லாதே.

உன் எழுத்து ஏன் இப்போது கோணலாக இருக்கிறது?

ராத்தா லைலா

---

அக்குறணை
04.08.2025

ராத்தாவுக்கு,

ஸலாம். பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். வேலை கூட.

நிறுத்தியது கேட்டு எவ்வளவு சந்தோசம் என்று எழுத ஏலாது. கறுப்பாகப் போவது கருஞ்சீரகத்தால்தான், அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். தொடர்ந்து சாப்பிடுங்கள். களைப்புக்கு ஈச்சம்பழம் நல்லது.

பிறகு எழுதுகிறேன்.

நௌபர்

---

ஜமாலியா
14.08.2025

மாமா,

அஸ்ஸலாமு அலைக்கும். ரிப்கா எழுதுகிறேன். நீங்கள் சுகமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொன்னது பாதிதான். உம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் பக்கத்திலேயே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. மிச்சத்தை எழுதுகிறேன்.

அன்று காலையில் உம்மா குளியலறை வாசலில் விழுந்து கிடந்தா. உதடு வெள்ளைக் கடதாசி மாதிரி. தூக்கி இருத்தினோம், கோப்பித் தூள் கலந்த மாதிரி வாந்தி எடுத்தா. அதற்குள்ளும் இத்தா, இத்தா என்று என் கையைத் தட்டிவிட்டா. மூத்தம்மாதான் மேலே போர்வையைச் சுற்றினா. நான் மறக்க மாட்டேன், மாமா, அவ சொன்னதை.

“இத்தா உசிரோட இருக்கிறவளுக்குத்தான் புள்ள. என்ர மகனுக்காக நீ சாகத் தேவல்ல. எழும்பு.”

வயிற்றுக்குள் புண், அதிலிருந்து கிழமைக்கணக்கில் இரத்தம் வடிந்திருக்கிறது. அந்தக் கறுப்பு முழுவதும் இரத்தம். நாலு பைக்கட் இரத்தம் ஏற்றினார்கள். கருஞ்சீரகத்தால் இப்படிக் கறுக்காது, ஏன் முதலே வரவில்லை என்று டொக்டர் கேட்டார். பயப்பட வேண்டாம் என்ற உங்கள் கடிதத்தை உம்மா எனக்கும் வாசித்துக் காட்டியவ.

இன்னொன்று. உம்மா உங்களிடம் மறைத்தது. வாப்பாவைத் தூக்கித் தூக்கி உம்மாவின் முதுகு போய்விட்டது. நீங்கள் நிறுத்தச் சொன்னது மூன்று வருடத்துக்கு முன் நெஞ்செரிவுக்கு என்று தொடங்கிய குளிசை. பிறகு முதுகுக்கு நோவுக் குளிசை தினமும் இரண்டு போடத் தொடங்கினபோது, இதனால் வயிறு புண்ணாகும், நெஞ்செரிவுக் குளிசையை விட்டுவிடாதீர்கள் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொன்னதும் காவலாக இருந்ததை விட்டா. நோவுக் குளிசையை விடவில்லை. ஏன் மாமாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “உன்ர வாப்பா எனக்குப் பாரமா இருந்தவர் எண்டு ஒருத்தரும் கதைக்கக் கூடாது” என்றா.

உங்களை ஏசுவதற்காக எழுதவில்லை. ஆனால் உம்மா வாட்டில் கிடக்கிறா, நீங்கள் இன்னும் வரவில்லை. பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது என்று எங்களுக்கும் தெரியும்.

ரிப்கா

---

அக்குறணை
22.08.2025

லைலா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று கேட்டு இரண்டு ரக்அத் தொழுதேன். அல்லாஹ் பூரண சுகம் தரட்டும்.

இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. ரிப்காவின் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து அவர் யாரோடும் கதைப்பதில்லை. அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் வராதது வர விருப்பமில்லாமல் இல்லை. உங்களுக்கு அப்படி ஆன கிழமையில்தான் ஊசி விட்டு அவருடைய சிறுநீரகத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளைக்குப் பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சின்னவனுக்குச் சளி வரவில்லை, மதினி. அந்த ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தது இவர்தான்.

ஒன்பது வருடமாக இவரும் அதே குளிசையைத்தான் குடித்தார். பள்ளிக்கூடம் முடிந்து டியூசன், வெறும் வயிற்றில் தேத்தண்ணீர், இரவு பிந்திக் கொத்து ரொட்டி. எரிந்தால் ஒன்று. எரிய முன்னும் ஒன்று. எந்த டொக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. ஏப்ரலில் கால் வீங்கித்தான் இரத்தம் பார்த்தோம். சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார்கள். இந்தக் குளிசைதான் என்று அடித்துச் சொல்ல ஏலாது, ஆனால் சந்தேகம் அதன் மேல்தான் என்று டொக்டர் சொன்னார். அடுத்த மாதம் மச்சானின் மையித்து அடக்கத்துக்கு வந்த இடத்தில் உங்கள் அலுமாரியில் அதே அட்டையைக் கண்டார். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

இத்தாவில் இருக்கிறவளுக்கு இன்னொரு கவலையா என்று என் வாயையும் அடைத்துவிட்டார். அவரை வெறுக்காதீர்கள்.

சனூஸா

---

அக்குறணை
03.09.2025

ராத்தா,

ஸலாம் எழுதவும் கை கூசுகிறது. சனூஸா எழுதிவிட்டாள் என்று சொன்னாள்.

நான் பயந்த ஒன்றை உங்களுடைய உடம்புக்குள் வைத்துப் பார்த்துவிட்டேன். என்னுடைய வருத்தத்துக்கு வந்த மருந்தை உங்களுக்கு எழுதித் தந்தேன். கறுப்பாகப் போகிறது என்று நீங்கள் எழுதியது வந்த அன்று எனக்கு இரத்தப் பரிசோதனை. வாசித்தேன், மனம் அதில் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருந்தால்கூட டொக்டரிடம் போ என்று சொல்லியிருப்பேன். உங்களுக்குப் பயப்பட வேண்டாம் என்று எழுதினேன். அந்த ஒரு வரியை இனி எப்படி அழிப்பது?

நான் அந்தக் குளிசையைத் தொடக் கூடாது. எரிகிறது. கட்டிலின் தலைப்பக்கம் கல் வைத்து உயர்த்திப் படுக்கிறேன். எனக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றுகிறது.

உங்களுக்கு டொக்டர் என்ன சொன்னார்? நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தெரிந்தால் போதும்.

நௌபர்

---

ஜமாலியா
02.10.2025

என் தம்பி நௌபருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ். ஸலாமை எழுதாமல் விடாதே, அது உன் ராத்தாவுக்குச் சேர வேண்டியது.

இத்தா முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாளும் கணக்கில்தான் என்று மௌலவி சொல்லிவிட்டார். நான் முறிந்துபோயிற்று என்று அழுதது வீண். மாமி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போய்விட்டார். போகும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, ஏச்சு இல்லாமல் சாப்பாடு இறங்குதில்லை.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருந்தது. வாட்டில் கிடந்தபோது நிறைய இருந்தது. சனூஸாவின் கடிதம் வந்த அன்று அது முழுக்க வேறு கோபமாக மாறியது. கால் வீங்கினது ஏப்ரலில். எனக்குத் தெரிந்தது ஆகஸ்டில். நீ என்னிடம் வேறு மருந்தைப் பற்றிக் கேட்டாய், நான் நோவுக் குளிசையை மறைத்து மாமியின் ஏச்சு என்றேன். நான் உன்னிடம் கோணல் எழுத்தைப் பற்றிக் கேட்டேன், நீ வேலை என்றாய். ஆளுக்கொரு பாதியை ஒளித்துக்கொண்டு ஒருவரையொருவர் காப்பாற்றப் பார்த்தோம். இனி வேண்டாம். பொல்லாத செய்தியானாலும் முழுதாக எழுது.

இனி என்னுடையதை முழுதாகச் சொல்கிறேன். நோவுக் குளிசையை நிறுத்திவிட்டார்கள். முதுகுக்கு ஒத்தடமும் ஒரு பட்டியும். வயிற்றுப் புண் ஆறிக்கொண்டு வருகிறது. ஆனால் குழாய் விட்டுப் பார்த்தபோது இன்னொன்றையும் கண்டார்களாம். அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் அடிப்பக்கத்து உள்தோல் மாறிப்போயிருக்கிறது. குளிசையை விட்டால் அது நாளைக்குப் புற்றுநோயாகத் திரும்பும் பயம் கூட. அதனால் தினமும் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்கு முன், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். மௌத்து வரைக்கும் என்று அவர் சொல்லவில்லை. “இப்போதைக்கு நிறுத்துற கதை இல்ல, அம்மா” என்றார்.

உன் கதையையும் அவரிடம் சொன்னேன். மறைக்கவில்லை. ஒருவருக்குத் தேவையில்லாமல் குடித்து வந்த வினை, ஒருவருக்குத் தேவையாக இருந்தும் நிறுத்தியதால் வந்த வினை, இரண்டும் எனக்குப் புதிதில்லை என்றார். என் சிறுநீரகத்தை வருடா வருடம் பார்ப்பாராம்.

இத்தா முடிந்து முதன்முதலில் வாசல் தாண்டியது அதற்குத்தான். உன் மச்சானின் வீட்டார் எல்லாரும் தங்கள் வீட்டுக்கு வருவேன் என்று பார்த்திருந்தார்கள். நான் நேரே கிளினிக்குக்குப் போய்க் கையை நீட்டினேன். நல்ல சிறுநீரகமாம், வயதுக்கு மிகத் திறமாம். உடனே கேட்டேன், ஒன்றை என் தம்பிக்குக் கொடுக்கலாமா என்று. உன் வருத்தம் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை, வராமலும் போகலாம், வந்தால் அப்போது பார்க்கலாம் என்றார். அப்போது இது இப்படியே இருக்குமா என்று கேட்டேன். இந்தக் குளிசை பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை, உங்களுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது என்றார். பொய் சொல்லாத மனிதன்.

வீட்டுக்கு வந்து அடுத்த நாள் காலையில் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ரிப்கா வேலைக்குப் போக வெளிக்கிட்டவள், நான் விழுங்கும் வரை கதவடியில் நின்றாள். நிறுத்தினால் நான் போய்விடுவேன். குடித்தால், உனக்கு என்று நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அந்தச் சிறுநீரகத்துக்குள் தினமும் இந்தக் குளிசையைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பிஸ்மி சொல்லி விழுங்கினேன். இன்றைக்கும் விழுங்கினேன்.

உன் அடுத்த பரிசோதனை எப்போது, அதில் வரும் அளவு என்ன என்று மறைக்காமல் எழுது. சனூஸாவையும் ஒரு வரி எழுதச் சொல், உன்னை மட்டும் நம்ப ஏலாது.

உன் ராத்தா
லைலா